தொற்காள் தைத்த அங்கிகளும் சில கேள்விகளும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உதவி, உபசாரம், நன்றி என்று ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆசிரியரும், "இந்த முறை அவற்றையே எடுத்துக்கொள்ளுங்களேன்" என்றார். சரி என்றேன். புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் போதகரும் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். அதை மனதில் வைத்துக்கொண்டு என் பதில்களைப் படியுங்கள்.

*

கேள்வி: அம்மா காலமாகி ஓராண்டு ஆகிறது. சபையில் அவர் எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை. புதிதாக யார் வந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுப்பார். வீட்டோடு முடங்கிக் கிடக்கும் முதியவர்களுக்குக் கடிதம் எழுதுவார். பாடகர் குழுவின் அங்கிகளில் பொத்தான் அறுந்தால் தைத்துக் கொடுப்பார். சபை வெளியிட்ட ஆண்டு மலரில் நன்கொடையாளர்களின் படங்கள் பக்கம் பக்கமாக வந்திருக்கின்றன. அம்மாவின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. அவர் செய்ததற்கெல்லாம் என்ன தடயம் மிஞ்சியது? – ஒரு மகள்

பதில்: மகளே, அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் என்ற தொற்காள் நோயுற்று இறந்துபோகிறாள். உடலைக் குளிப்பாட்டி மேல்வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். பக்கத்து ஊரான லித்தாவிலிருந்து பேதுருவை அழைத்து வருகிறார்கள். அவர் மாடியேறி வந்தபோது அங்கே யாரும் இரங்கல் உரை ஆற்றவில்லை. விதவைகள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நின்று, தொற்காள் தங்களோடு இருந்த காலத்தில் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டுகிறார்கள். அவ்வளவுதான் அங்கே நடந்த அஞ்சலி.

அதில் சில துணிகளை அவர்கள் உடம்பிலேயே உடுத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒருத்தி தோள்பட்டைத் தையலைத் தொட்டுக் காட்டியிருப்பாள். இன்னொருத்தி ஓரம் மடித்த இடத்தைத் திருப்பிக் காட்டியிருப்பாள். உள்பக்கத் தையலைத்தான் தையல் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பார்கள். இது என் கற்பனை, வேதாகமத்தில் இல்லை. இல்லாத இன்னொன்றையும் கவனியுங்கள். தொற்காள் பேசியதாக ஒரு வார்த்தைகூட அங்கே கிடையாது. உயிரோடு எழுப்பப்பட்ட பிறகும் கண்ணைத் திறந்தாள், பேதுருவைப் பார்த்தாள், உட்கார்ந்தாள் என்று, அந்த நூலை எழுதிய லூக்கா நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பெண்ணின் பெயரைத்தான் 19ஆம் நூற்றாண்டில், ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கக் கூடிய சபைப் பெண்கள் தங்கள் சங்கங்களுக்கு வைத்தார்கள். எத்தனையோ நாடுகளில் 'தொற்காள் சங்கம்' இருந்தது, இன்றும் சில இடங்களில் இருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்வி பெயரைப் பற்றியது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். பெயரே மிஞ்சாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

நான் வேலை பார்த்த வார்டுக்கு, ஏதோ ஒரு சபையைச் சேர்ந்த அம்மா ஒருவர் வந்துபோவார். படுத்த படுக்கையாக இருக்கும் பெண்களுக்குத் தலைவாரிவிடுவார். நாள்கணக்காகப் படுத்திருந்தால் பின்னந்தலை முடி சடைபிடித்துக் கட்டையாகிவிடும். நாங்கள் அவசரத்தில் சீப்பை உச்சியிலிருந்து இழுப்போம், நோயாளி முகத்தைச் சுளிப்பார். அந்த அம்மா அப்படிச் செய்யமாட்டார். முடியை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்து மேலே வருவார். பிடித்திருக்கும் கையிலேயே இழுப்பு நின்றுவிடுவதால் தலையில் வலிக்காது. பேச்சும் அதிகம் கிடையாது. நோயாளி அழுதால் சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொண்டோம், எங்களைப் பார்த்துப் பயிற்சிக்கு வந்த பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அவர் வருவது நின்றுபோன பிறகும் அந்த வார்டில் நடுமுடியைப் பிடித்துக்கொண்டுதான் சீவினார்கள். யாரிடமிருந்து வந்த வழக்கம் என்று கேட்டால் கடைசியில் வந்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. எனக்கே அவர் பெயர் தெரியாது.

அதனால் அம்மாவின் தடயத்தை மலரில் தேடாதீர்கள். உங்கள் சபையில் இப்போது புதியவர் ஒருவர் வந்தால் யார் எழுந்து பக்கத்தில் போகிறார்கள் என்று பாருங்கள். அவர்களில் யாராவது ஒருவர், தான் முதல்முறை வந்த நாளில் உங்கள் அம்மா பக்கம் எடுத்துக் கொடுத்த ஆளாக இருக்க வாய்ப்பு உண்டு. போய்க் கேளுங்கள். அந்தக் கடிதங்களையும் விசாரியுங்கள். முதியவர்கள் கடிதத்தைத் தூக்கி எறியமாட்டார்கள், வேதாகமத்துக்குள் வைத்திருப்பார்கள். இருந்தால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலர் போட்டவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் வருத்தமும் நியாயமானதுதான். அடுத்த இதழில் அரைப் பக்கம் கேட்டு வாங்கி நீங்களே எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

*

கேள்வி: வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உதவி வாங்குகிறவர்களை நிற்கவைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கேட்டால், "உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது" என்ற வசனத்தைக் காட்டுகிறார்கள். எது சரி? – வாலிபர் சங்க உறுப்பினர்

பதில்: இரண்டு வசனமும் ஒரே மலைப்பிரசங்கத்தில் வருவதுதான். முதலாவது மத்தேயு 6:3, இரண்டாவது 5:16. இரண்டாவதை முழுக்கப் படித்தால், பார்க்கிறவர்கள் பரலோகத்திலிருக்கிற பிதாவை மகிமைப்படுத்தும்படி என்று முடியும். உங்கள் குழுவில் வந்த பின்னூட்டங்களை எண்ணிப் பாருங்கள். பிதாவுக்கு எத்தனை, பொருளாளருக்கு எத்தனை?

வேடிக்கை இருக்கட்டும். கணக்கு காட்டவேண்டியது அவசியம். பொதுப்பணம் என்றால் இத்தனை வாங்கினோம், இத்தனை கொடுத்தோம் என்று எழுத்தில் போடலாம், பொருட்களைப் படம் எடுத்துப் போடலாம். வாங்குகிறவரின் முகம் எதற்கு? அவர் பிள்ளையின் வகுப்புத் தோழன் அந்தப் படத்தைப் பார்ப்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

*

கேள்வி: ஆதித் திருச்சபை வளர்ந்தது பிரசங்கத்தாலா, உதவியாலா? கல்லூரியில் ஒரு விவாதம். வரலாற்றில் ஆதாரம் இருக்கிறதா? – வரலாறு மாணவர்

பதில்: தம்பி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்னால் முடியாது. ஆனால் இரண்டாவதற்கு ஆதாரம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. எனக்குப் பிடித்த மூன்றைச் சொல்கிறேன்.

3ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசு முழுவதும் ஒரு கொள்ளைநோய் சுற்றிச் சுற்றி அடித்தது. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அதை விவரித்து எழுதியதால் அவர் பெயரிலேயே அறியப்படுகிறது. வயிற்றுப்போக்கு, ஓயாத வாந்தி, கண் சிவப்பு என்று அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது எனக்கு வார்டு நினைவுதான் வரும். அதே கொள்ளைநோய் அலெக்சாந்திரியாவைத் தாக்கியபோது அங்கே ஆயராக இருந்தவர் தியொனீசியு. அவர் எழுதிய கடிதத்தை யூசேபியு தன் திருச்சபை வரலாற்றில் சேர்த்துவைத்திருக்கிறார். மற்றவர்கள் நோய் தொடங்கியதுமே சொந்தக்காரர்களை விட்டு ஓடினார்கள், சாகும் முன்பே தெருவில் போட்டார்கள் என்றும், நம் சகோதரர்களில் பலர் கூடவே இருந்து பணிவிடை செய்து, நோய் தொற்றித் தாங்களும் இறந்தார்கள் என்றும் சொல்கிறார். மூப்பர்கள், உதவிக்காரர்கள், சாதாரண விசுவாசிகள் என்று எல்லோரும் அதில் உண்டு. ஆயர் தன் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஓடிப்போன கிறிஸ்தவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஆனாலும் அந்தப் பணிவிடை என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு செவிலியரைக் கேளுங்கள். மருந்து கிடையாது. தண்ணீர் புகட்டுவது, துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக எழுந்திருக்க முடியாமல் கிடப்பவருக்கு அந்தத் தண்ணீர்தான் பாதி வைத்தியம். கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் இல்லை. இந்தச் சாதாரண பராமரிப்பே சபையினரிடையே சாவைக் குறைத்திருக்கும், பிழைத்த மற்றவர்களையும் சபையோடு நெருங்கவைத்திருக்கும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1990களில் வாதிட்டார். எவ்வளவு குறைத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். குறைத்திருக்காது என்று யாராவது சொன்னால் ஒரு நாள் வார்டுக்கு அனுப்பிவையுங்கள்.

இரண்டாவது சாட்சி எதிரி. அதனால் எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவனாக வளர்ந்து, அதை விட்டுவிட்டுப் பழைய தெய்வ வழிபாட்டுக்கு உயிர்கொடுக்க முயன்றவர். கலாத்தியாவின் தலைமைப் பூசாரி அர்சாசியுவுக்கு 362ஆம் ஆண்டு வாக்கில் அவர் எழுதியதாக ஒரு கடிதம் வருகிறது, சோசோமன் என்ற வரலாற்றாசிரியர் அதைத் தன் நூலில் சேர்த்திருக்கிறார். அதில் ஒரே எரிச்சல். இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளை மட்டுமா பார்த்துக்கொள்கிறார்கள், நம் ஏழைகளையும் அல்லவா பார்த்துக்கொள்கிறார்கள், நாம் உதவாமல் இருப்பது எல்லோர் கண்ணிலும் படுகிறதே என்கிறார். அந்நியரை உபசரிப்பது, இறந்தவர்களை அக்கறையோடு அடக்கம்செய்வது, இவற்றால்தான் அவர்கள் வளர்ந்தார்கள் என்று அவரே காரணமும் சொல்கிறார். ஊர் ஊராக விடுதிகள் கட்டச் சொல்லி, கலாத்தியாவுக்கு மட்டும் ஆண்டுக்கு 30,000 மோதியஸ் (ரோமர்களின் தானிய அளவை) தானியம் ஒதுக்குகிறார். மறு ஆண்டே பாரசீகப் போரில் ஜூலியன் இறந்துவிட்டார். ஒரு பேரரசரின் கண்ணை உறுத்தும் அளவுக்குச் செய்தது யார்? பெயர் தெரிந்த யாரும் இல்லை. தெருவுக்கு நாலு பேர்.

மூன்றாவது சின்னக் கதை. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் பக்கோமியு என்ற இளைஞனை ராணுவத்துக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தேபேஸ் நகரில் அடைத்துவைத்திருந்தபோது ஊரார் சிலர் அந்தப் பையன்களுக்கு உணவும் குடிக்கவும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இவர்கள் யார், தெரியாத எங்களுக்கு ஏன் செய்கிறார்கள் என்று அவன் கேட்கிறான். கிறிஸ்தவர்கள் என்று பதில் வருகிறது. விடுதலையானதும் ஞானஸ்நானம் பெற்று, பிறகு தபென்னேசியில் துறவிகள் சேர்ந்து வாழும் மடத்தைத் தொடங்கினான். அந்த மட ஒழுங்கை 404ஆம் ஆண்டில் ஜெரோம் லத்தீனில் மொழிபெயர்த்தார், மேற்கத்திய மடங்களுக்கும் அதன் சாயல் போய்ச்சேர்ந்தது. அன்றைக்குப் பாத்திரம் தூக்கிவந்தவர்களுக்கு இதில் எதுவுமே தெரிந்திருக்காது. பையன்களுக்குப் பசிக்குமே என்று வந்தார்கள், கொடுத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். விவாதத்தில் உங்கள் எதிரணிக்கு பவுலின் பிரசங்கங்கள் இருக்கின்றன, அவர்களையும் லேசாக எண்ணிவிடாதீர்கள்.

*

கேள்வி: நோயாளியைப் பார்க்கப் போனால் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. அதனாலேயே போகாமல் இருந்துவிடுகிறேன். – கூச்ச சுபாவி

பதில்: பேசத் தெரியாதவர்கள்தான் நல்ல பார்வையாளர்கள். வேதாகமத்தில், துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்களைப் பாருங்கள். 7 நாள், 7 இரவு தரையில் அவனோடு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தார்கள், 30 அதிகாரத்துக்கு மேல் சண்டை.

போகும்முன் கேட்டுக்கொண்டு போங்கள். உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். நாற்காலியை அவர் கழுத்தைத் திருப்பாமல் பார்க்கிற இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கால்மணி நேரம் போதும். உங்கள் மாமாவுக்கு இதே நோய் வந்து என்ன ஆயிற்று என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அதைவிட நீங்கள் போகாமலே இருந்துவிடலாம். ஜெபிக்கவேண்டுமா என்று கேளுங்கள். "இப்போது வேண்டாம்" என்றால் அதை அவிசுவாசமாக எடுத்துக்கொள்ளவேண்டாம், வலி இருக்கும். ஜெபித்தால் நாலு வரியில் முடியுங்கள். கடவுளுக்கு நோய் வரலாற்றை விவரித்துச் சொல்லும் ஜெபங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன், நோயாளி கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், எல்லோரும் மறந்துபோகும் ஒருவர் அந்த அறையிலேயே இருப்பார். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர். "நான் ஒரு மணி நேரம் இங்கே இருக்கிறேன், நீங்கள் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பேசத் தெரியாதவர் சொல்லவேண்டிய வாக்கியம் அது ஒன்றுதான். வெறுமனே "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வரவேண்டாம். யாரும் சொல்லமாட்டார்கள்.

*

கேள்வி: ஆலயத்தைப் பெருக்குவது முதல் துக்க வீட்டில் கூடமாட நிற்பது வரை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் செய்தேன். இப்போது உடம்பும் ஒத்துழைக்கவில்லை, மனசும் கசந்துபோகிறது. ஒரு முறை முடியாது என்றதற்கு, "முன்னே இருந்த அன்பு குறைந்துவிட்டது" என்று ஒரு மூப்பர் எல்லோர் முன்னும் சொன்னார். அமைதியாகச் செய்வதுதான் கிறிஸ்தவ குணமா? – களைத்துப்போனவள்

பதில்: சகோதரி, அந்த மூப்பர் வீட்டில் துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அமைதியாகச் செய்வது வேறு, வாயைக் கட்டிக்கொண்டு செய்வது வேறு. நம் சபைகளில் இரண்டையும் ஒன்றாக்கி, பெரும்பாலும் பெண்கள் தலையில் வைத்துவிடுகிறோம். ஆதித் திருச்சபையில் முதலில் எழுந்த நிர்வாகப் பிரச்சினையே இதுதான். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், விடுபட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுகிறது. பன்னிரு அப்போஸ்தலரும், "பொறுத்துப்போங்கள், அன்புதான் முக்கியம்" என்று உபதேசம் செய்யவில்லை. சபையைக் கூட்டினார்கள், வேலையைப் பிரித்தார்கள், அதற்கென்று 7 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். புகார் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் பலரும் இதை வாசிக்கிறார்கள். என்ன பெரிய மனசு, என்ன நடைமுறை அறிவு!

அதனால் நீங்களும் முறுமுறுக்கலாம், ஆனால் சரியான இடத்தில். நீங்கள் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பெருக்குவது, பாத்திரம் கழுவுவது, சாவி வைத்திருப்பது, துக்க வீட்டுக்குப் போவது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். இத்தனையா என்று நீங்களே அசந்துபோவீர்கள். அதில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை, அதிகம் போனால் இரண்டை, வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று குழுக் கூட்டத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு தேதியையும் சொல்லுங்கள், அந்தத் தேதிக்குப் பிறகு செய்யாதீர்கள். இரண்டு வாரம் ஆலயம் தூசியோடு கிடக்கும். கிடக்கட்டும். மூன்றாவது வாரம் யாராவது துடைப்பத்தைத் தேடுவார்கள், இருக்கும் இடத்தை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

கசப்போடு செய்யும் உதவி வாங்குகிறவருக்கும் தெரிந்துவிடும். அந்தக் களைப்பை வார்டில் நிறையவே பார்த்திருக்கிறேன். விடுப்பு எடுத்துவிட்டு வந்தவர் கையில் ஊசி போட்டுக்கொள்ளத்தான் நோயாளிகளுக்கும் பிடிக்கும்.

*

கேள்வி: வேற்று மதத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்குக் கஷ்ட காலத்தில் எங்கள் ஜெபக்குழு தொடர்ந்து உதவி செய்துவந்தது. அவர்கள் நிலைமை சீரானதும் எங்களை மறந்துவிட்டார்கள். ஆராதனைக்கு ஒருமுறைகூட வரவில்லை. செய்தது வீண் என்கிறார் குழுத் தலைவர். – ஜெபக்குழு உறுப்பினர்

பதில்: லூக்கா 17ஆம் அதிகாரத்தில் 10 குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டது உண்மை. ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் நோய் திரும்பியதாக எழுதப்படவில்லை.

வரவேண்டும் என்பதற்காகக் கொடுத்திருந்தால் அது முன்பணம். உங்கள் தலைவரிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள், மனவருத்தம் வரும். அந்தக் குடும்பம் ஒதுங்கிப்போவதற்கு நன்றிகெட்டதனம் மட்டுமே காரணமாக இருக்காது. கையேந்தி நின்ற நாட்களைப் பார்த்த முகங்களைத் திரும்பப் பார்க்க யாருக்கும் கூச்சமாக இருக்கும். வழியில் பார்த்தால் சாதாரணமாகச் சிரியுங்கள். அவர்களிடம் ஏதாவது ஒரு சின்ன உதவி கேளுங்கள், ஏணி இரவல் கேட்பதுபோல. கூச்சம் போக அதுதான் வழி.

*

கேள்வி: படிக்கிற காலத்தில் சபையைச் சேர்ந்த ஒருவர் எனக்குக் கட்டணம் கட்டினார். நன்றி சொல்லவே இல்லை. இப்போது தேடினால், அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தெரிகிறது. இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? – பெயர் வேண்டாம்

பதில்: பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ஒநேசிப்போரு என்று ஒருவர் வருகிறார். பவுல் ரோமில் விலங்கோடு இருந்தபோது, அந்தப் பெரிய நகரத்தில் அவரைத் தேடி அலைந்து கண்டுபிடித்தவர். "அவன் அநேகந்தரம் என்னை இளைப்பாற்றினான், என் விலங்கைக்குறித்து அவன் வெட்கப்படவுமில்லை" என்று எழுதுகிறார் பவுல். கைதியைத் தேடிப் போவது என்றால் காவலரிடம் தன் பெயரைச் சொல்லவேண்டும், தானும் சந்தேகத்துக்கு ஆளாகவேண்டும். பவுல் அவருடைய வீட்டாருக்கு இரக்கம் வேண்டுகிறார், கடைசியில் வாழ்த்து அனுப்பும்போதும் வீட்டாருக்கே அனுப்புகிறார். ஒநேசிப்போரு அப்போது உயிரோடு இல்லை என்று சிலர் ஊகிப்பது இதனால்தான்.

நீங்களும் வீட்டாரைத் தேடுங்கள். மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், யார் இருந்தாலும் சரி. "உங்கள் அப்பா எனக்குக் கட்டணம் கட்டினார், அதனால் இன்ன படிப்புப் படித்தேன், இன்ன வேலையில் இருக்கிறேன்" என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். பல வீடுகளில் அப்பா இப்படிச் செய்தது பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது, அதுவும் உங்கள் வாயால்தான் அவர்களுக்குத் தெரியவேண்டியிருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம், அவர்களே கஷ்டத்தில் இருந்தால் தவிர. இன்னொரு மாணவருக்குக் கட்டவேண்டும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தோன்றியிருக்கும், அதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

*

கேள்வி: இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீமோனுக்கு யாராவது தேங்க்ஸ் சொன்னார்களா? – ஞாயிறு பள்ளி மாணவன், வயது 11

பதில்: கண்ணா, நல்ல கேள்வி. சொன்னதாக எழுதப்படவில்லை. அவர் தானாக வந்து சுமக்கவும் இல்லை. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் படைவீரர்கள் பிடித்துச் சுமக்கவைத்தார்கள். ஆனால் மாற்கு 15:21இல் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. சீமோன் என்று சொல்லிவிட்டு, அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன் என்று சேர்க்கிறார். வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பையன்களைத் தெரிந்திருந்தால்தானே அப்படி எழுதுவார்கள்? "நம்ம ரூப்பு இருக்கிறானே, அவன் அப்பா" என்பதுபோல.

இப்போது ரோமர் 16:13க்குப் போ. அங்கேயும் ஒரு ரூப்பு வருகிறார், அவருடைய அம்மாவும் வருகிறார். அவரை எனக்கும் தாய் என்று பவுல் சொல்கிறார். அது அதே ரூப்புதானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் அது பரவலான பெயர். அந்த அம்மா பவுலுக்கு என்ன செய்தார் என்பதும் எழுதப்படவில்லை. வீட்டில் தங்கவைத்தாரா, காய்ச்சலில் பார்த்துக்கொண்டாரா, சும்மா திட்டினாரா, உன் அம்மா உனக்கு என்னவெல்லாம் செய்கிறார் என்று பார்த்து நீயே ஊகித்துக்கொள்.

அந்த அதிகாரம் முழுக்கப் பெயர்கள்தான். பெபேயாளை அறிமுகப்படுத்திவிட்டு, பிரிஸ்கில்லாள், பெர்சியாள் என்று வரிசையாக வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போவார் பவுல். வரும் ஞாயிறு அதை வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டு. 14ஆம் வசனத்தில் அசிங்கிரீத்து, பிலெகோன், பத்திரொபா எல்லோரும் வருவார்கள், நாக்கு சுளுக்கிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.